குண்டசாலை வட்டாரத்தின் மாட்டு ஆராய்ச்சி (வரலாற்றுத் தொடர் – 7)

இலங்கையின் மாட்டு ஆராய்ச்சி ஏறத்தாழ முழுவதும் கண்டியை வளைத்தோடும் மகாவலியின் கரைகளிலேயே வளர்ந்தது. பேராதனைக்கு அருகே கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், பேராதனையில் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம், பொல்கொல்லவில் வைரசு ஆய்வுகூடம், குண்டசாலையில் மத்திய செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம், அதையடுத்த கரண்டகொல்லையில் கால்நடை வளர்ப்புப் பாடசாலை என்று இந்த நிறுவனங்கள் யாவும் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவில் அமைந்திருக்கின்றன. கண்டி இராச்சியத்தின் கடைசிச் சிங்கள மன்னன் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) அரண்மனை அமைத்து வாழ்ந்த ஊர் என்பதே வரலாற்று நூல்களில் குண்டசாலைக்குள்ள பெருமை. கறவை மாடு வளர்ப்போருக்கோ அது உறைவிந்து வரும் ஊர்.

ஆங்கிலேயர் ஆட்சியின் பெரும்பகுதியில் மாட்டு மருத்துவம் என்பது கொள்ளைநோயைத் தடுக்கும் காவல் வேலையாகவே இருந்தது. வெக்கை நோய் வந்தால் வண்டி மாடுகளும் உழவு எருமைகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தோட்டங்களிலிருந்து கோப்பியும் தேயிலையும் இறக்கப்பட்ட காலத்தில் மாட்டு வண்டி நின்றுபோனால் வருவாயும் நின்றுபோகும். அதனால் அரசாங்க மிருக வைத்தியரின் முதற்பணி நோய்கண்ட பட்டியை மறிப்பதும், பாதையை மூடுவதும், இறந்தவற்றைப் புதைப்பிப்பதுமாக அமைந்தது. 1909ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மிருகத் தொற்றுநோய்கள் கட்டளைச் சட்டம் இந்த அதிகாரங்களுக்கு முறையான வடிவம் தந்தது. 1992இல் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் வரும்வரை அதுவே நடைமுறையில் இருந்தது. கிராமங்களில் ஏட்டுச் சுவடி பார்த்து மருந்து அரைப்பவரும் சூடு போடுபவருமே மாட்டு வைத்தியர்கள். தமிழில் மாட்டு வாகடங்கள் இருந்ததுபோலச் சிங்களத்திலும் அதற்கென்று சுவடிகள் இருந்தன. மேனாட்டு முறையில் பட்டம் பெற விரும்பிய இலங்கை இளைஞர்கள் கடல் கடந்து போகவேண்டியிருந்தது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அவர்கள் படித்த இடங்களுள் ஒன்று.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1940களின் இறுதியில் மிருக வைத்தியக் கல்வி தொடங்கி, அடுத்த பத்தாண்டில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1953இல் இலங்கை மிருக வைத்திய சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. அக்காலத்தின் ஆய்வுத் தரத்தைக் காட்ட ஒரு சான்று போதும். ஆடுகளும் குதிரைகளும் திடீரெனப் பின்னங்கால் விழுந்து முடங்கும் நோய் ஒன்று ஆசியாவின் பல பகுதிகளில் இருந்தது. குதிரைகளில் அதைக் கும்ரி என்றார்கள். தீவனக் குறைபாடு, நச்சுப்புல், குளிர்காற்று என்று அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1952இலும் 1955இலும் வெளியான கட்டுரைகளில் ஜே. ஆர். எம். இன்னஸ் என்ற நோயியலாளரும் இலங்கையின் சி. பெருமாள் பிள்ளையும் உண்மையான காரணத்தை நிறுவினர். முதற்கட்டுரையில் ஜப்பானிய ஆய்வாளர் ஷோஹோவும் சேர்ந்திருந்தார். மாட்டின் வயிற்றுக் குழியில் யாதொரு தீங்கும் செய்யாமல் வாழும் செற்றாரியா என்ற நூற்புழுவின் குடம்பியை நுளம்பு எடுத்துச் செல்கிறது. பழக்கமில்லாத ஆட்டின் உடலிலோ குதிரையின் உடலிலோ விடப்படும் குடம்பி வழிதவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் புகுந்து அதைச் சிதைக்கிறது. நலமாக நிற்கும் மாடே பக்கத்துக் கொட்டில் ஆட்டின் நோய்க்கு ஊற்று. நலமான விலங்கிலிருந்து நோயைத் தேடும் இந்த வழி பின்னர் கன்னொருவையிலும் பேராதனையிலும் திரும்பத் திரும்பப் பயன்பட்டது.

மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1967இல் கன்னொருவையில் அமைந்தது. பற்றீரியவியல், வைரசியல், ஒட்டுண்ணியியல், நோயியல், இனவிருத்தி, போசணை, புல்வளர்ப்பு என்று பிரிவுகள் வகுக்கப்பட்டு, தடுப்பூசித் தயாரிப்பும் அங்கேயே நடந்தது. நிர்வாகத்தில் கால்நடை அப்போதும் விவசாயத்தின் ஒரு கிளைதான். 1978இல் தோட்டத் தொழிலாளர் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமான் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானபோது, அவருடைய அமைச்சின் கீழ் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் தனியாக உருவானது. பொறுப்பு அவரிடம் வந்தது மலையகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. உயர்நிலத்தில் கறவை மாடு வைத்திருந்தவர்களில் கணிசமானோர் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு, கொழுந்தெடுத்து முடித்த பின் தேயிலை மலையின் ஓடைக்கரைகளில் புல்லறுத்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். பாலை விற்கலாம், சாணம் மரக்கறிப் பாத்திக்குப் போகும். அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கூலிக்கு அப்பால் ரூபாய் கையில் புரள்வதற்கு மாடே வழியாக இருந்தது.

இனவிருத்திதான் இந்த வட்டாரத்து ஆராய்ச்சியின் நீண்ட விவாதம். இலங்கையின் நாட்டு மாடு சிறியது, திமிலுடையது, வெயிலையும் உண்ணியையும் தாங்கும், அரைகுறைத் தீனியிலும் கன்று போடும். ஆனால் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பாலுக்கு மேல் தராது. அயர்ஷயர், பிரீசியன், ஜேர்சி இனங்கள் அம்பேவல, போபத்தலாவ போன்ற குளிர்ந்த உயர்நிலப் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டன. உலர்வலயத்துக்கு இந்தியத் துணைக்கண்டத்தின் சிந்தி, சாகிவால் இனங்கள் வந்தன. எந்த உயரத்தில் எந்த இரத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதே கேள்வி. இதற்கு விடை தேடியவர்களில் முதலில் நிற்பவர் பி. மகாதேவன். அரசாங்கப் பண்ணைகளின் பால் பதிவேடுகளை எடுத்து, சிங்கள மாடு எனப்பட்ட நாட்டு மாடு, செஞ்சிந்தி ஆகியவற்றின் பால் அளவு, கறவைக் காலம், கன்றுக்கும் கன்றுக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகியவற்றைப் புள்ளிவிவர முறையில் அலசினார். 1958இல் பொதுநலவாய விவசாயப் பணியகம் வெளியிட்ட அவருடைய 'வெப்பமண்டலத்தில் கறவை மாட்டு இனவிருத்தி' என்ற நூல் ஆபிரிக்காவிலிருந்து கரீபியன் வரை இத்துறையினர் கையில் வைத்திருந்த நூலாயிற்று. பண்ணைக் கணக்கேட்டை அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கமுள்ள ஒரு நாட்டில், அதே ஏட்டிலிருந்து உலகளாவிய நூல் பிறந்தது தனியே குறிக்கத்தக்கது.

அவருக்குப் பின் கன்னொருவையில் இனவிருத்தி ஆய்வைத் தொடர்ந்தவர் வி. புவனேந்திரன். இருவரும் சேர்ந்து எழுதிய இலங்கைக் கலப்பினப் பெருக்கம் பற்றிய கட்டுரை 1975இல் உணவு விவசாய நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. வெப்பமண்டலத்துக் கலப்பின அனுபவம் முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையையே காட்டியது. நாட்டுப் பசுவுக்கும் ஐரோப்பியக் காளைக்கும் பிறக்கும் முதல் தலைமுறை தாயைவிடப் பன்மடங்கு கறக்கிறது, முந்திச் சினைப்படுகிறது. அதற்குமேல் ஐரோப்பிய இரத்தம் ஏற ஏறப் பால் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. தீனியும் நிழலும் உண்ணிக் கட்டுப்பாடும் கூடவே ஏறாவிட்டால் இறங்கவும் செய்யும். அதனால் நாடு உயரத்துக்கேற்பப் பிரிக்கப்பட்டது. உயர்நிலத்துக்கு ஐரோப்பிய இனங்களும் அவற்றின் உயர்தரக் கலப்பும், கண்டியும் குண்டசாலையும் அடங்கிய நடுநிலத்துக்கு ஐரோப்பியக் கலப்பினங்கள், உலர்வலயத்துக்கு சாகிவால், சிந்தி ஆகியவற்றின் கலப்பு என்பது பரிந்துரையின் சாரம். தாளில் எளிய விதி இது. கொட்டிலில் மாடு வைத்திருப்பவரோ கூடப் பால் தரும் காளையின் விந்தையே கேட்பார். கலப்பின் விகிதத்தைக் கணக்கு வைப்பவர் சிலரே. மூன்றாம், நான்காம் தலைமுறையில் கொட்டிலில் நிற்பது என்ன இரத்தம் என்பது பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகமாகவே மிஞ்சியது.

எருமையில் இதே ஆய்வு வேறொரு திருப்பத்தைக் கண்டது. இலங்கை எருமை உருவத்தில் தென்கிழக்காசியாவின் சேற்றெருமையை ஒத்தது. சேற்றெருமைக்குக் குறோமோசோம் 48, இந்தியாவின் முரா போன்ற ஆற்றெருமைகளுக்கு 50. ஆரிப் பொங்சோவும் குமாரதிலகவும் புவனேந்திரனும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இலங்கை எருமைக்கும் 50 என்று காட்டியது. தோற்றத்தில் சேற்றெருமை, மரபில் ஆற்றெருமை. முராவையும் நிலி-ராவியையும் கொண்டுவந்து கலப்பதற்கு மரபியல் தடை ஏதும் இல்லை என்பது இதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பயன். குறோமோசோம் எண்ணிக்கொண்டிருந்த பொங்சோ பிற்காலத்தில் சிங்கப்பூருக்குப் போய், 1994இல் மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்தவர்களுள் முன்னோடியாக உலகறியப்பட்டார்.

இந்த இரத்தக் கணக்குகளைக் கொட்டில்வரை கொண்டுசேர்ப்பது குண்டசாலையின் வேலை. செயற்கைச் சினைப்படுத்தல் 1950களில் நாடளாவிய சேவையாக விரியத் தொடங்கியது. ஆரம்பத்தில் குளிரவைத்த திரவ விந்தையே பயன்படுத்தினர். அது சில நாட்களில் கெட்டுவிடும். பாதை மோசமான ஊருக்குப் போய்ச்சேரும் முன்பே காலாவதியாகும். கிளிசரின் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையைத் தாங்கும் என்பதை 1949இல் இங்கிலாந்தில் கிறிஸ் போல்ஜும் அவருடைய கூட்டாளிகளும் கண்டறிந்திருந்தனர்; அது இங்கே நடைமுறைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. காளையிடமிருந்து எடுத்த விந்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, முட்டை மஞ்சட்கருவும் கிளிசரினும் கலந்த கரைசலில் நீர்த்து, மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியசில் அமிழ்த்தி வைக்கிறார்கள். ஒருமுறை எடுக்கும் விந்திலிருந்து நூற்றுக்கணக்கான குழாய்கள் கிடைக்கும். உருக்கிய பின் எத்தனை விந்தணுக்கள் நேராக நீந்துகின்றன என்று பார்த்துத் தேறாத தொகுதியைக் கழித்துவிடுவார்கள். காளை செத்துப் பல ஆண்டுகள் கழிந்தாலும் அதன் கன்றுகள் பிறந்துகொண்டிருக்கும்.

ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணி நைதரசன் கலத்தில் இல்லை, மாட்டுக்காரரின் கண்ணில் இருக்கிறது. பசு சினைப்பருவத்தில் இருப்பது அரை நாளளவே. ஐரோப்பியப் பசு கத்தும், மற்ற மாட்டின்மேல் ஏறும். நாட்டுப் பசுவிலும் எருமையிலும் அறிகுறிகள் மெலிதாகவும் பல சமயம் இரவிலும் தோன்றும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது சினைப்படுத்துநர்களின் விதி. கட்டிவைத்த ஒற்றை மாட்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பேராதனையில் ஒஸ்வின் பெரேராவும் எச். அபேகுணவர்தனவும் உள்ளிட்ட குழுவினர் சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் ஆதரவுடன் இந்தச் சிக்கலைக் கதிரியக்கத் தடயமுறையால் அணுகினர். பாலில் புரொஜெஸ்தரோன் ஓமோனின் அளவை அளந்தால் சினைப்பை இயங்குகிறதா, பசு உண்மையிலேயே சினைப்பருவத்தில் இருந்தபோதுதான் ஊசி போடப்பட்டதா என்பது தெரிந்துவிடும். தவறான நாளில் சினைப்படுத்தப்பட்டவை, வெளிக்குத் தெரியாமல் பருவம் கடந்தவை எல்லாம் இப்படி வெளிச்சத்துக்கு வந்தன. கன்று நாள் முழுவதும் தாயிடம் ஊட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பருவம் தள்ளிப்போகிறது என்பதும், ஊட்டும் நேரத்தைக் கட்டுப்படுத்தினால் எருமை விரைவில் மீண்டும் சினைப்படுகிறது என்பதும் அவ்வாறு அறியப்பட்டவை. கரண்டகொல்லைப் பாடசாலையில் பயின்று ஊர்களுக்குப் போகும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்கள் மாடு வைத்திருப்போருக்குச் சொல்லவேண்டியவற்றில் இது முக்கியமானது. இதற்கு மருந்தோ கருவியோ தேவையில்லை. கயிறு ஒன்று போதும்.

நோயாய்வில் இலங்கையின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது தொண்டை அடைப்பான். பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா என்ற பற்றீரியத்தின் குறிப்பிட்ட வகையால் வருவது. மழை தொடங்கும் பருவத்தில் எருமை திடீரெனக் காய்ச்சல் காணும், வாயில் நீர் ஒழுகும், தொண்டை வீங்கும், ஓரிரு நாளில் மூச்சடைத்துச் சாகும். உலர்வலயத்தில் பட்டி பட்டியாக எருமை வைத்திருந்தவர்களுக்கு அது பெரும் இழப்பு. நோய் அடங்கிய பின் கிருமி எங்கே போகிறது, அடுத்த மழைக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை கன்னொருவையில் எம். சி. எல். டி அல்விஸும் அவருடைய சகாக்களும் விடாமல் துரத்தினர். பிழைத்துக்கொண்ட எருமைகள் நோயெதிர்ப்புடன் நலமாக நடமாடுகின்றன. அவற்றின் அடிநாச் சதைக்குள் கிருமி ஒளிந்திருக்கிறது. மூக்கு வழியாக அது வெளியேறுவது விட்டுவிட்டுத்தான். அதனால் மூக்கைத் துடைத்துச் செய்த சோதனைகள் பலமுறை ஏமாற்றின. இறைச்சிக் கூடத்தில் அடிநாச் சதையை எடுத்துப் பார்த்தபோதே கிருமி அகப்பட்டது. 1990இல் வெளியான இந்த ஆய்வும், 1999இல் அவுஸ்திரேலிய சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி அல்விஸின் தனிநூலும் இந்நோய் பற்றிய அடிப்படை வாசிப்பாக நிலைத்தன. தடுப்பூசியிலும் ஒரு சங்கடம் இருந்தது. படிகாரத்தில் படியவைத்த மருந்தை எளிதாகப் போடலாம், ஆனால் அதன் காப்பு சில மாதங்களே. எண்ணெயில் குழைத்தது ஓராண்டுவரை காக்கும், ஆனால் கெட்டியாக இருப்பதால் ஊசியில் இறங்க மறுக்கும். காட்டோரம் மேயும் அரைக்காட்டு எருமையைப் பிடித்து நிறுத்துவதே பாதி வேலை என்னும்போது, ஊசி இறங்கும் வேகமும் அறிவியற் பிரச்சினைதான்.

எருமைக் கன்றின் வட்டப்புழு அதே காலத்தில் பேராதனையில் ஆராயப்பட்டது. பிறந்து சில வாரங்களில் கன்று களிமண் நிறத்தில் கழிந்து, வயிறு உப்பி, மெலிந்து செத்துவிடும். டொக்சோகாரா விட்டுலோரம் என்பது புழுவின் பெயர். புல் தின்னத் தொடங்காத கன்றுக்குள் புழு எப்படிப் போகிறது? ஜே. ஏ. ரொபர்ட்ஸ், எஸ். டி. பெர்னாண்டோ, எஸ். சிவநாதன் ஆகியோர் எருமைத் தாயின் பாலிலேயே குடம்பிகளைக் கண்டனர். தாயின் உடலில் உறங்கும் குடம்பி கன்று ஈன்றதும் விழித்து, கடும்புப் பாலோடும் அடுத்து வரும் பாலோடும் கன்றைச் சேர்கிறது. ஏறக்குறைய முதல் வாரத்துக்குப் பின் பாலில் குடம்பி வருவதில்லை. ஆகவே கன்றுக்குப் பத்துக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட நாளில் பைரன்டெல் மருந்து ஒரேயொரு தடவை கொடுத்தால் போதும். அதற்குள் உள்ளே போகவேண்டிய புழு எல்லாம் போய்விட்டிருக்கும்; முட்டையிடும் பருவத்தை இன்னும் எட்டியிருக்காது. மாதாமாதம் மருந்தூட்டும் செலவு ஒரு நாளின் செலவாகச் சுருங்கியது. செலவைக் குறைத்த கணக்கில் இந்த வட்டாரத்து ஆய்வுகளில் இதற்கு இணை சொல்வது கடினம்.

கோமாரி என்று வழங்கும் கால், வாய் நோய்க்குப் பொல்கொல்ல ஆய்வுகூடம் பொறுப்பேற்றது. இந்நோயின் வைரசில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. இலங்கையில் சி வகை 1984க்குப் பின் காணப்படவில்லை. ஓ வகையே நிலைத்தது. 2013–14இல் அது நாடெங்கும் பரவியது. மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா, கறவைக்காரரின் கையோடு போகும் மடிவீக்கம் ஆகியவையும் கன்னொருவையின் வழக்கமான வேலைகள்.

நாற்பதாண்டு இல்லாதிருந்த வெக்கை நோய் 1987இல் திரும்பியது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வைரசும் வந்திறங்கியது. ஆட்டில் நோய் தீவிரமாகத் தெரியவில்லை, மாட்டிலும் எருமையிலும் கொன்றது. போர் நடந்த வடக்கு கிழக்கில் மிருக வைத்தியர் பட்டிகளை அடைவதே பாடாக இருந்ததால் தடுப்பூசி வேலை இழுபட்டது. 1994க்குப் பின் நோய் தென்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தீனி ஆய்வில் பேசப்பட்டது வைக்கோல். அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கப்படும் வைக்கோலைத் தீனியாக்க, 1980களில் ஒல்லாந்தரின் உதவியுடன் வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் நடந்தது. ஜே. பி. ஷீரேயும் எம். என். எம். இப்ராகிமும் அதன் அறிக்கைகளை 1989இல் தொகுத்தனர். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை நூறு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி ஓரிரு வாரம் வைத்தால், யூரியாவிலிருந்து பிறக்கும் அமோனியா வைக்கோலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மாடு கூடுதலாகத் தின்கிறது, செரிக்கவும் செய்கிறது. முறையில் குற்றமில்லை. ஆனால் யூரியாவுக்கும் பொலித்தீனுக்கும் காசு வேண்டும். வைக்கோல் நெல் விளையும் தாழ்நிலத்தில், கறவை மாடு மலையில். பசும்புல் இலவசமாகக் கிடைக்கும் மாதங்களில் யாரும் வைக்கோலை மூடிவைக்க மெனக்கெடவில்லை. அதைவிட எளிதாக ஊன்றியது கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல். கம்பும் நேப்பியர்ப் புல்லும் கலந்த இந்தத் தமிழ்நாட்டு இனம் கரணை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்கிறது. குண்டசாலையைச் சூழ்ந்த தும்பறைப் பக்கத்து வேலிகளில் நிற்கும் கிளிரிசிடியாவின் இலையும் கினிப்புல்லும் ஏற்கனவே இருந்த தீனி. அவற்றுக்கு நடுவே கோ-3 கொட்டிலுக்குப் பின்புறக் காணித் துண்டில் இடம்பிடித்தது.

பால்மா இறக்குமதியைக் குறைக்கும் வேகத்தில் 2010களில் அவுஸ்திரேலியாவிலிருந்து கறவை மாடுகள் தருவிக்கப்பட்டன. 20,000 மாடுகளுக்கான திட்டத்தில் 5,000 வந்து சேர்ந்தன. பல கொட்டில்களில் அவை எதிர்பார்த்த பாலைத் தரவில்லை. கணக்காய்வும் கடுமையாக எழுதியது. மகாதேவன் 1950களில் பதிவேடுகளைப் புரட்டி எழுதியவற்றை வாசித்திருந்த எவருக்கும் இது வியப்பாக இருந்திருக்காது.

2020இல் தோல் கழலை நோய் முதன்முறையாக இலங்கைக்குள் வந்து, வட மாகாணத்தில் வெளிப்பட்டது. கடிக்கும் ஈயும் நுளம்பும் பரப்பும் நோய் இது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு இரவில் இறந்தன. புதிய கொள்ளைநோய் என்று பீதி பரவி, இறைச்சியை ஏற்றிச் செல்வது தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. மாதிரிகள் ஆய்வுக்குப் போயின. தொற்று எதுவும் அகப்படவில்லை. கூரையில்லாத பட்டிகளில் மழையில் நனைந்து, வழக்கமில்லாத குளிர்காற்றில் நின்ற விலங்குகள் உடல்வெப்பம் இழந்தே இறந்திருந்தன.